அந்தச் சீவலைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: வயது 44, சைவம். நான்கு மாதமாகக் காரம் பட்டாலே வாய் எரிகிறது. ரசம்கூட ஆகவில்லை. பி காம்ப்ளெக்ஸ் மூன்று அட்டை முடித்துவிட்டேன், மணத்தக்காளிக் கீரையும் சாப்பிடுகிறேன். நாக்கின் பின்பக்கம் தொண்டை ஓரமாகப் பெரிய பருக்கள் தெரிகின்றன. யூடியூபில் பார்த்தால் புற்றுநோய் என்கிறார்கள். புகையிலை தொட்டதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சீவல் மட்டும் போடுவேன். என்ன சத்துக் குறைவு?

பதில்: நாக்கின் பின்னால் வரிசையாகத் தெரிபவை சுவை மொட்டுகளைத் தாங்கியிருக்கும் இயல்பான மேடுகள். எனக்கும் இருக்கின்றன, யூடியூப்காரருக்கும் இருக்கின்றன. கண்ணாடி முன் நாக்கை இழுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

சைவம் என்பதால் பி12, இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். குறைந்தால் நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். ஆனால் அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்திருக்க வேண்டும். மூன்று அட்டையை விழுங்கிவிட்டு இப்போது பார்த்தால், பி12 குறைவு இருந்திருந்தாலும் மறைந்திருக்கலாம்.

எனக்குக் கவலை, கடைசியில் ‘மட்டும்’ என்று எழுதினீர்களே, அந்தச் சீவல்தான். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவை வளர்த்துக்கொண்டே போகும். பஞ்சு மாதிரி இருந்த கன்னம் மெல்ல இறுகும். காரம் தாங்காமல் போவதுதான் பெரும்பாலும் அதன் முதல் அறிகுறி. இது புற்றுநோய் அல்ல, ஆனால் சிலருக்குப் பின்னாளில் அப்படி மாறக்கூடியது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

கையைக் கழுவுங்கள். நடு மூன்று விரல்களையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவே நுழையுங்கள். மூன்றும் போனால் சரி. இரண்டோடு நின்றாலோ, கன்னத்தின் உட்புறம் வெளுத்துப்போய், தடவினால் கயிறு மாதிரி தட்டுப்பட்டாலோ இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். போண்டாவைக் கடிக்க முடியாமல் பிட்டுப் பிட்டுத் தின்கிறவர்கள் ‘பல் சரியில்லை டாக்டர்’ என்றுதான் வந்து உட்காருவார்கள். மூன்று விரலும் போனாலும் நான்கு மாத எரிச்சலை ஒரு முறை காட்டத்தான் வேண்டும்.

சீவலை இன்றோடு விடுங்கள். ‘வாசனைப் பாக்கு’ப் பொட்டலமும் அதே பாக்குதான். இறுகிய இடம் பழையபடி இளகுவது அரிது, மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் சோம்பு போடுங்கள்.

மருத்துவரிடம் எத்தனை வருடமாக, நாளைக்கு எத்தனை தடவை சீவல் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். புகையிலை உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அடுத்த கேள்விக்குப் போகிறவர்களும் எங்களில் உண்டு.