காரைக்குடி அண்ணனுக்கு: திரை வெளிச்ச விசை

அண்ணே, மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டபின் ஒலி விசைகள் ஓடுகின்றன, வெளிச்சம் கூட்டும் விசை மட்டும் அசையவில்லை என்கிறீர்கள். பகலில் வளவில் உட்கார்ந்தால் முற்றத்து வெயிலில் திரையே தெரியாதே, அவசரம் புரிகிறது.

மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னவர் பேச்சை விடுங்கள், வீண் வேலை. விசையை அழுத்தினால் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குச் செய்தி போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கட்டளை எழுதும் டெர்மினலில், விசைச் செய்திகளைக் காட்டும் ‘ஈவ்டெஸ்ட்’ (evtest) நிரலை சுடோவோடு (sudo, நிர்வாகி உரிமை) ஓட்டுங்கள். சாதனப் பட்டியல் வரும், ஒன்றைத் தேர்ந்து விசையை அழுத்திப் பாருங்கள். பலர் விசைப்பலகையை மட்டும் பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். வெளிச்ச விசை ‘வீடியோ பஸ்’ (Video Bus) என்ற சாதனத்தின் பெயரிலும் வரலாம், அதையும் பாருங்கள். எஃப்என் (Fn) விசையைத் தனியாக அழுத்தினால் ஒன்றும் வராது, பதற வேண்டாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் அதை உள்ளிருக்கும் கன்ட்ரோலரே விழுங்கிவிடும்.

செய்தி வருகிறது, திரை மட்டும் மாறவில்லை என்றால் கோளாறு விசையில் இல்லை, திரையின் பின்விளக்கை இயக்கும் பேக்லைட் டிரைவரில். கணினியைத் துவக்கும் க்ரப் நிரலின் அமைப்பில் ‘ஏசிபிஐ பேக்லைட்’ (acpi_backlight) மதிப்பை ‘நேட்டிவ்’ (native) என்று வையுங்கள், சரிப்படாவிட்டால் ‘வெண்டர்’ (vendor). ஒவ்வொரு முறையும் அப்டேட்-க்ரப் (update-grub) கட்டளையை ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எந்தச் செய்தியுமே வரவில்லையா? கர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘டிமெஸ்க்’ (dmesg) கட்டளையின் வெளியீட்டின் கடைசியில் ‘அன்நோன் கீ’ (Unknown key) என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்லதுதான்: அதிலுள்ள ஸ்கேன்கோடை (விசையின் எண்), சாதனங்களைக் கவனிக்கும் யுடெவின் (udev) வன்பொருள் தரவுத்தளக் கோப்பில் எழுதினால் நிரந்தரமாகிவிடும். விசைக்கு அர்த்தம் கொடுக்கும் ‘செட்கீகோட்ஸ்’ (setkeycodes) கட்டளை ரீஸ்டார்ட் வரைக்கும்தான் தாங்கும், சோதிக்க மட்டும் போதும்.

அந்த வரியையும் மாடல் பெயரையும் போடுங்கள், கோப்பில் எழுத வேண்டியதை நானே தருகிறேன்.