தோட்டத்தை விற்று டாக்டர் சீட் வேண்டாம்

அம்மா, மகளுக்கு நீட் மதிப்பெண் குறைவாக வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, தோட்டத்தை விற்று டாக்டர் சீட் வாங்கலாமா என்று கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆறுதல் அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியப்பா பேச்சைக் கேட்டு டீ தோட்டத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்காதீர்கள். பச்சை இலை விலை நிலையில்லாத ஊரில் அந்த நிலம்தான் உங்கள் பிடிமானம். அதோடு, உங்கள் பெண் கேட்பதே வேறு. பாட்டியின் முடக்குவாதத்துக்கு (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து ஏன் வாரம் ஒருமுறை மட்டும், தினமும் போட்டால் என்ன ஆகும் என்று துருவுகிறாளாமே. அது ஆய்வுக்கூடத்துக்கான புத்தி.

இன்ஜினியரிங், நர்சிங் பற்றி ஊரே சொல்லும். நான் சொல்வது பி.ஃபார்ம், அதாவது மருந்துகளைப் பற்றிய பட்டப்படிப்பு. "மெடிக்கல் ஷாப் படிப்பு" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான்கு வருடம், நீட் வேண்டாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும். ஊட்டியிலேயே ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரி இருக்கிறது. அடுத்து மேற்படிப்பான எம்.ஃபார்மில் பார்மகாலஜி, மருந்து உடலில் என்ன செய்கிறது என்று படிக்கும் பிரிவு. நாள்பட்ட அழற்சி நோய்க்கு மருந்து தேடும் வேலை அங்கே கைக்கு வரும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எலியின் பின்னங்காலில் வீக்கம் உண்டாக்கும் கராஜீனன் என்ற பொருளின் 1 சதவீதக் கரைசலை 0.1 மில்லி ஊசி போடுவார்கள். பாதம் வீங்கும். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காததற்கும் வீக்கத்தை மணிக்கொருமுறை பிளெதிஸ்மோமீட்டரில் (பாதத்தைத் திரவத்தில் முக்கி அதன் பருமனை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். கணுக்காலில் போட்ட மைக்கோடு வரை ஒவ்வொரு முறையும் பாதம் முங்காவிட்டால் கணக்கு கெட்டது. இது சில மணிநேர வீக்கம். முடக்குவாதம்போல் நீடிக்க வேண்டுமானால் நோயெதிர்ப்பைக் கிளறிவிடும் ஃபிராய்ண்ட் அட்ஜுவன்ட் என்ற கலவையைச் செலுத்தி மூன்று, நான்கு வாரம் அளக்க வேண்டும். பிறகு ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற புரதம் எவ்வளவு என்று 96 குழித் தட்டில் எலைசா, நிறம் மாறுவதை வைத்து அளக்கும் சோதனை. கழுவுவதில் அவசரப்பட்டால் தட்டு முழுக்க மஞ்சளாகி ஒருநாள் உழைப்பு போச்சு. லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த டி.என்.எஃப்.ஐத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று காட்டியதிலிருந்து வளர்ந்தவைதான் அடாலிமுமாப் போன்ற ஊசிகள்.

எலிக்கு ஊசி போட மனம் வருமா என்று அவளிடமே கேளுங்கள். வராது என்றால் வற்புறுத்தவே கூடாது. செல் வளர்ப்பு ஆய்வும், நோயாளிகளிடம் நடக்கும் மருந்துப் பரிசோதனை வேலையும் இருக்கின்றன.

பணத்தில் கறாராக இருங்கள். நான்கு வருட மொத்தக் கட்டணத்தையும் விடுதியோடு சேர்த்து எழுத்தில் கேளுங்கள். முதல் வருடத் தொகையை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எம்.ஃபார்முக்கான நுழைவுத் தேர்வான ஜிபேட்டில் தேறி எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.யில் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. லேசான தேர்வில்லை, முதல் முறையே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பி.ஃபார்மோடு நிறுத்தினால் ஆய்வு வேலை கிடைப்பது அரிது, மருந்துக் கம்பெனி விற்பனை வேலைதான் முதலில் வரும்.

எம்.ஃபார்முக்குக் கல்லூரி பார்க்கும்போது விலங்குக்கூடத்துக்குப் பதிவும் நெறிமுறைக் குழுவும் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லாத இடத்தில் எலிச் சோதனையெல்லாம் கம்ப்யூட்டர் திரையோடு முடிந்துவிடும்.