ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் ஓரிரு அணுக்கள் விடுபட்டால் வலிமை குறையுமா?

குறையும். ஆனால் விறைப்பும் முறிவு வலிமையும் ஒரே அளவில் குறைவதில்லை. குறையற்ற கிராஃபீனின் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 1 டெராபாஸ்கல், முறிவு வலிமை சுமார் 130 கிகாபாஸ்கல். விறைப்பு என்பது தாள் முழுவதன் சராசரி. அணு விடுபட்ட சில வெற்றிடங்களால் அது பெரிதாக அசையாது. முறிவோ மிக நலிந்த ஒரே இடத்தில் தொடங்கிவிடும். ஓர் அணு போனால் சுற்றியுள்ள பிணைப்புகள் கூடுதல் இழுவிசையைத் தாங்கி, முதலில் அறுகின்றன. ஆக்சிஜன் அணு மேலே ஒட்டிய குறையில் கார்பன் வலை அறுபடுவதில்லை, சேதமும் குறைவு.

அதனால் யங் குணகத்தை மட்டும் பார்த்து தாள் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ராமன் நிறமாலையில் (தாளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் பதிவு) குறைகளால் எழும் டி, டி-டாஷ் முகடுகளின் உயர விகிதத்தைப் பாருங்கள். குறைகள் அடர்த்தியாக இல்லாதவரை, விகிதம் 13-க்கு அருகில் இருந்தால் மேலே ஒட்டிய அணுக்கள், 7 என்றால் வெற்றிடங்கள், 3.5 என்றால் படிக எல்லைகள் (தாளின் படிகத் துண்டுகள் சேரும் கோடுகள்).