ஏரிக்குக் கோடி எங்கே?

அன்புள்ள சார்,

பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கடலூர். இரண்டு வருடமாக ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையின் நடுவில் ஒரு மாபெரும் நன்னீர் ஏரி. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. பதினோரு ஆறுகள் அதில் வந்து விழுகின்றன, ஒன்றுகூட வெளியே போவதில்லை. அந்த மர்மம் கடைசிவரை இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கரையைச் சுற்றி மூன்று அரசுகள். ஏரிக்கு 'ஏல்வாரியா' என்று பெயர். நண்பர்கள் தமிழ்ப் பெயர் வை என்கிறார்கள். எது சரி? தமிழில் இதையெல்லாம் படிப்பார்களா? வரைபடம் இணைத்திருக்கிறேன். 140 பக்கம் முடிந்திருக்கிறது. அனுப்பட்டுமா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் வர்த்தூர் கோடி சிக்னலில் முக்கால் மணி நேரம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். கோடி என்றால் ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போகும் இடம். வேறு வேலையில்லாமல் அந்தப் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து என்ன யோசித்தேனோ அதையே நீங்கள் இன்னொரு உலகத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். அதனால் இந்தப் பதில். வரைபடத்தோடு வரும் கடிதங்களுக்குப் பொதுவாக நான் பதில் போடுவதில்லை.

பெயர் பிறகு. அந்தக் கரையில் துணி துவைக்கிறவள் வாயில் என்ன வருமோ அதுதான் பெயர். அவள் இன்னும் உங்கள் கதைக்குள் வரவில்லை என்று தெரிகிறது. படிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு யாரும் எழுதத் தொடங்கியதில்லை, விடுங்கள்.

வரைபடம் அழகு. மலைகளுக்கு நிழல்கூடப் போட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆறு உள்ளே வருகிறது. சரி. தண்ணீர் எங்கே போகிறது ஐயா?

மர்மம் என்கிறீர்கள். எனக்கு அது சோம்பலாகத்தான் படுகிறது. எந்த ஆறும் மலைப்பாறையில் இருந்து துளி உப்பையாவது கரைத்துக்கொண்டுதான் வரும். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். வெளியே வழி இல்லாவிட்டால் அந்த உப்பு தலைமுறை தலைமுறையாக அங்கேயே சேரும். வோல்கா மாதிரி ஒரு மகாநதி வந்து விழுந்தும் காஸ்பியனில் கடலின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. யோர்தான் நல்ல தண்ணீர்தான், அது போய்ச் சேரும் இடத்துக்குச் சாக்கடல் என்று பெயர். ராஜஸ்தானில் சாம்பர் ஏரியில் உப்பு எடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரி ஒரு விதிவிலக்கு. மேலே வாசல் கிடையாது, நிலத்துக்கு அடியில் கசிந்து போய்விடுவதால் நன்னீராகவே இருக்கிறது. வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதைக்குள் யாருக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

பைக்கால் ஏரியைப் பாருங்கள். ஆழம் 1,642 மீட்டர். உள்ளே வரும் ஆறுகள் 300க்கு மேல், வெளியே போவது அங்காரா ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்து மக்கள் கதை கட்டியது உள்ளே வரும் முந்நூறைப் பற்றி இல்லை, வெளியே போகும் ஒன்றைப் பற்றி. அங்காரா பைக்காலின் மகளாம். யெனிசெய் ஆற்றின் மேல் காதல் கொண்டு இரவோடு இரவாக ஓடிப்போனாள், அப்பன் ஒரு பாறையைத் தூக்கி எறிந்தான். அந்தப் பாறை இன்றும் வாசலில் கிடக்கிறது.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். தாத்தா ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பிரித்து விடுவது எல்லாம் அவர் வேலை. எனக்கு ஒன்பது வயது. ஐப்பசி அடைமழை. நடுராத்திரியில் யாரோ "ஏரி கோடி போகுது" என்று தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். தெற்கே மறுகால் என்பார்கள், புத்தகங்களில் கலிங்கு என்று இருக்கும். எங்களுக்குக் கோடி. கன்னடத்திலும் கோடிதான். தாத்தா லாந்தரை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போகும் வழியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. வெற்றிலையில் கற்பூரம் ஏற்றித் தண்ணீரில் விட்டார். விழுகிற தண்ணீருக்கு எதிராகக் கெண்டைகள் எகிறிக்கொண்டிருந்தன. பாதி ஊர் கூடையும் வேட்டியுமாக நின்றது. மீன் பிடிக்க நானும் இறங்கப் பார்த்தேன். தாத்தா காதைப் பிடித்து நிறுத்தி, "இனிமே போற தண்ணி நம்புளுது இல்லடா, கீழேரிக்காரனுது" என்றார்.

அவருடைய இடது கையில் ஒரு நீளமான தழும்பு உண்டு. மழை பொய்த்த ஒரு வருடம் எங்கள் ஊர்க்காரர்கள் கோடியின் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்திவிட்டார்கள். கீழூர்க்காரர்கள் ராத்திரியில் கடப்பாரையோடு வந்தார்கள். உயர்த்தியதைத் தாத்தா தடுக்கவில்லை, உடைத்ததைத் தடுக்கப் போனார். அதைப் பற்றிக் கடைசிவரை அவர் பேசியதில்லை.

உங்கள் மூன்று ராஜாக்களும் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒருவன்கூட இல்லை. பிறகு எதற்கு அவர்களுக்குள் சண்டை?

உங்களை மட்டும் சொல்லி என்ன, இந்த நகரமே உங்கள் வரைபடம்தான். ஒரு ஏரியின் கோடி அடுத்த ஏரிக்கு வரத்து, நடுவில் ராஜகாலுவே என்கிற பெரிய வாய்க்கால் என்று மேட்டில் இருந்து சரிவுவரை கோத்து வைத்த ஊர் இது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஆனது, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. வாய்க்கால் மேல் சுவர் எழுப்பினோம். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் உங்கள் சக ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீசுக்குப் போனார்களே, அப்போதாவது தோன்றியிருக்க வேண்டாமா?

2015இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பிடித்தபோது நான் பக்கத்தில்தான் குடியிருந்தேன். பஞ்சு மாதிரி பறந்து வந்து ஸ்கூட்டர்காரர்கள் முகத்தில் ஒட்டும். சோப்பும் சாக்கடையும் ஏரி முழுக்கக் கலந்துதான் கிடக்கும், கோடியில் விழுந்து அடிபடும்போதுதான் அது நுரையாக எழும்பும். அங்கிருந்து வர்த்தூர் ஏரி. ஒருநாள் வர்த்தூர் கோடியில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். கண்ணை மூடினேன். தாத்தாவோடு கேட்ட அதே சத்தம். நாற்றம் மட்டும் வேறு. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது.

அந்தத் தண்ணீர் அங்கிருந்து தட்சிண பினாகினிக்குப் போகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் அதற்குத் தென்பெண்ணை என்று பெயர் மாறுகிறது. கெலவரப்பள்ளி அணையில் மறுபடி நுரைக்கிறது. கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டிக் கடைசியில் கடலில் கலக்கும் இடம் கடலூர். உங்கள் ஊர், நண்பரே. காலையில் குளித்துவிட்டு நீங்கள் இங்கே விடும் தண்ணீர் உங்கள் அம்மா இருக்கும் பக்கமாகத்தான் நடக்கிறது. நீங்கள் போய் வெளியே வழியில்லாத ஏரியை வரையலாமா?

140 பக்கத்தை இப்போது அனுப்பவேண்டாம். வரைபடத்தில் கோடியைக் குறியுங்கள். அதற்குக் கீழே ஒரு ஊரைப் போட்டு ஒரு ஆளையாவது குடிவையுங்கள். மேலே இருக்கும் மூன்று ராஜாக்களின் பெயரும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. அப்புறம் அந்த ஆள் வரும் பத்துப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

வர்த்தூர் கோடிக்குப் போவதென்றால் மழை விட்ட மறுநாள் காலை ஆறு மணிக்குப் போங்கள். எட்டுக்கு மேல் ஹாரன் சத்தம்தான் கேட்கும்.