வழியில் இருக்கும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

என் மகள் கட்டுப்பாட்டுப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறாள். காலத்தாமதம் உள்ள அமைப்புகளுக்கு, விலகலை அளந்து தானே திருத்தும் பிஐடி கட்டுப்படுத்தியைப் பொருத்துவது அவளுடைய தலைப்பு. நூறாண்டுப் பழசில் ஆராய என்ன மிச்சமிருக்கிறது, செயற்கை நுண்ணறிவின் பக்கம் போயிருக்கலாமே என்கிறார்கள் உறவினர்கள். கஞ்சிக்கோட்டில் கருவிப் பொறியாளராக இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சகோதரிக்கு,

உறவினர்கள் சொல்லும் வயது சரிதான். கப்பலின் சுக்கான் பிடிப்பவர் இப்போதைய விலகலை மட்டுமன்றி, இதுவரை சேர்ந்துவிட்ட விலகலையும் அது மாறும் வேகத்தையும் கணக்கில் கொள்கிறார் என்பதைக் கவனித்து, நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் அதைக் கணிதமாக எழுதினார். அந்த மூன்றுக்கும் எவ்வளவு எடை தருவது என்பதற்கு சீக்லரும் நிக்கல்சும் 1942-இல் விதி வகுத்தார்கள். அந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பிஐடி; ஆலைகளில் இன்றும் பெரும்பாலும் ஓடுவது அதுதான்.

ஆனால் உங்கள் மகளின் தலைப்பில் கனமான சொல் பிஐடி அன்று, தாமதம். அதைக் காண உங்கள் ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1970-ஆம் ஆண்டு பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்குத் தர வேண்டிய 7.25 டிஎம்சி நீர், மூலத்தரா தடுப்பணையில் பிரிந்து சித்தூர்ப் பகுதியின் வாய்க்கால்களில் ஓடுகிறது. ஒரு கிளை வாய்க்காலின் ஷட்டரருகே ஒரு பிற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். அங்கிருந்த முதிய பணியாளர் சக்கரத்தை மூன்று சுற்று சுற்றி, திருகுத்தண்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டார். கடைமடையிலிருந்து கைப்பேசியில் ஒருவர், தண்ணீர் வரவில்லை என்று விடாமல் சத்தம் போட்டார். இவர் எழுந்திருக்கவே இல்லை. "விட்ட தண்ணி வழியிலதான் இருக்கு" என்றார்.

அவருடைய இடத்தில் வெறும் பிஐடியை வைத்திருந்தால், கடைமடையின் குறை தீராத ஒவ்வொரு நிமிடமும் அது ஷட்டரை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே போயிருக்கும். பிறகு மொத்தத் தண்ணீரும் வந்து வரப்பை உடைக்க, பதறிப்போய் அடைத்துவிட்டு, மறுபடி வறட்சியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். நிதானமாகச் செயல்படும்படி அதன் எடைகளைக் குறைத்து வைக்கலாம். அப்போது தண்ணீர் சேர்வதும் மந்தமாகும். அனுப்பியது எவ்வளவு, இன்னும் வந்து சேராதது எவ்வளவு என்று கட்டுப்படுத்திக்கே கணக்கு வைக்கக் கற்றுத்தரும் முறையை ஓட்டோ ஸ்மித் 1957-இல் முன்வைத்தார். முதியவர் சுண்ணாம்புக் கோட்டில் வைத்திருந்ததும் அதே கணக்குத்தான்.

அந்தக் கணக்கு பிசகும் இடம் ஒன்று உண்டு. வாய்க்கால் நிறைந்து ஓடும்போது மேலே செய்த மாற்றம் கடைமடைக்கு விரைவாக எட்டும். வற்றி ஓடும்போது பிந்தும். பாசி அடர்ந்தால் இன்னும் பிந்தும். வழியில் யாரேனும் மோட்டார் வைத்து இறைத்தால் அளவே மாறிவிடும். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தை ஓட்டத்தின் நடுவிலேயே கணிப்பதும், கணிப்பு ஓரளவு தவறினாலும் அமைப்பு நிலைகுலையாதபடி காப்பதும் தீர்ந்துபோன கேள்விகள் அல்ல. செயற்கை நுண்ணறிவு இந்தக் கணிப்புக்கு உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் தவறு செய்து செய்தே கற்கும் நிரலிடம் ஷட்டரை ஒப்படைத்தால், அது கற்று முடிக்கும்வரை யாருடைய வயல் மூழ்குவது?

அடுத்த முறை நீர் திறக்கும்போது மகளை ஒரு குறிப்பேட்டுடன் வாய்க்காலுக்கு அனுப்புங்கள். ஷட்டர் ஏறிய நேரத்தையும் கடைமடையில் நீர்மட்டம் உயரத் தொடங்கும் நேரத்தையும், பாசி வாருவதற்கு முன்பு ஒரு நாளும் வாரிய பின்பு ஒரு நாளும் அவள் குறித்து வரட்டும்.