முதல் மாட்யூலர் சின்தசைசர்: மாட்யூல்களையும் மின்சாரத்தையும் எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: கணினியில் இசையமைத்துப் பழகியிருக்கிறேன். தனித்தனிப் பாகங்களை (மாட்யூல்கள்) ஒரே பெட்டியில் மாட்டி, கேபிள்களால் இணைத்து வாசிக்கும் மாட்யூலர் சின்தசைசர் ஒன்றை, யூரோராக் என்ற அளவு முறையில், முதல்முறையாகச் சேர்க்க ஆசை. எந்த மாட்யூல்களில் தொடங்குவது? பவர் சப்ளை எவ்வளவு வேண்டும்? இந்தியாவில் இருந்துகொண்டு இதில் இறங்குவது சரிதானா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக இறங்கலாம். 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் நிறுவனத்தின் மாட்யூலர் சின்தசைசர் ஒன்றை நிறுவி, அங்கே ஒரு மின்னிசைக் கூடமே இயங்கியது. இந்த நாட்டுக்கு இது அந்நியமான கருவி இல்லை. இன்று உள்ள ஒரே தொல்லை, பெரும்பாலான மாட்யூல்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்பது. அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவதும் நடைமுறையில் கஷ்டம். வாங்கும் முன்பே காகிதத்தில் கணக்குப் போடச் சொல்வது அதனால்தான்.

யூரோராக்கின் அளவுகளை ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் தன் ஏ-100 வரிசையோடு கொண்டுவந்தார். முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலத்தை எச்.பி. என்ற அலகில் அளப்பார்கள், ஒரு எச்.பி. 5.08 மில்லிமீட்டர். 84 எச்.பி. பெட்டி என்றால் உள்ளே ஏறக்குறைய 427 மில்லிமீட்டர் இடம் இருக்கும். மின்சாரம் மூன்று தடங்களில் வரும்: +12 வோல்ட், -12 வோல்ட், +5 வோல்ட். ஒவ்வொரு மாட்யூலும் ஒவ்வொரு தடத்திலிருந்தும் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று தயாரிப்பாளரே குறித்திருப்பார். மூன்றையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். மொத்தமாகக் கூட்டி ஒரே எண்ணாகப் பார்ப்பவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள்.

எண்களோடு பார்த்தால் விளங்கும். ஒலி மூலமாக மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிளெய்ட்ஸ்: 12 எச்.பி., +12-இல் 50 மில்லி ஆம்பியர், -12-இல் 5. மற்றவற்றையும் இதே வரிசையில் தருகிறேன். மேக் நாய்ஸின் மேத்ஸ்: 20 எச்.பி., 60, 50. ஒலியைத் துணுக்குகளாக்கி மாற்றும் மியூட்டபிளின் கிளவுட்ஸ்: 18 எச்.பி., 120, 10. (மியூட்டபிள் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் நிறுவனர் எமிலி ஜியே தன் வடிவமைப்புகளைத் திறந்த உரிமத்தில் விட்டுச் சென்றதால் பலர் அவற்றை இன்றும் செய்து விற்கிறார்கள். இந்தத் துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடைகளில் ஒன்றாகவே அதை நினைக்கிறேன்.) மீதியை உத்தேசமாக வைத்துக்கொள்வோம்: ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று 8 எச்.பி., 40, 40; நான்கு வி.சி.ஏ. (மின்னழுத்தத்தால் அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) கொண்ட மாட்யூல் 12 எச்.பி., 80, 80; மிடியை (கணினியும் கீபோர்டும் சுரத் தகவலை அனுப்பும் முறை) மின்னழுத்தமாக மாற்றித் தரும் மாட்யூல் 8 எச்.பி., 80, 10; அவுட்புட் மாட்யூல் 4 எச்.பி., 30, 30.

கூட்டினால் 82 எச்.பி., +12 தடத்தில் 460 மில்லி ஆம்பியர், -12 தடத்தில் 225. வாட்டில் சொன்னால் எட்டுக்குச் சற்று மேல். வீட்டு எல்.இ.டி. பல்பு அளவுதான் என்று தோன்றும். ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டிப்டாப் நிறுவனத்தின் மைக்ரோ ஸியூஸ் என்ற சிறிய பவர் மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். தகுந்த அடாப்டரோடு அது +12-இல் 2000, -12-இல் 500, +5-இல் 170 மில்லி ஆம்பியர் தரும். நம் பட்டியல் +12 தடத்தில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. -12 தடத்தில் பாதியை நெருங்கிவிட்டது. இன்னும் நான்கு அனலாக் மாட்யூல்கள், ஒவ்வொன்றும் -12-இல் 60 என்று சேர்த்தால் 465. பெரிய பெட்டி என்றால் இடம் இருக்கும், +12 நிறைய மிச்சம் இருக்கும், ஆனால் பவர் சப்ளை திணறத் தொடங்கும். டிஜிட்டல் மாட்யூல்கள் பெரும்பாலும் +12-ஐ அதிகமாக இழுக்கும், அனலாக் மாட்யூல்கள் இரண்டையும் ஏறக்குறைய சமமாக இழுக்கும் என்பதை மனதில் வையுங்கள். அனலாக் பக்கம் சாயப்போகிறீர்கள் என்றால் -12 எண்ணைப் பார்த்தே பவர் சப்ளை வாங்குங்கள். டோப்ஃபரின் பி.எஸ்.யூ.3 அந்தத் தடத்தில் 1200 தருகிறது; +12-இல் 2000, +5-இல் 4000.

இன்னொன்றும் கவனித்தீர்களா? அந்தச் சிறிய பவர் மாட்யூலே 4 எச்.பி. பிடிக்கும். 82-ம் 4-ம் 86; 84 பெட்டிக்குள் நுழையாது. முதல் பெட்டி 104 எச்.பி. இருக்கட்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆழத்தையும் பாருங்கள். ஒல்லியான பெட்டிகளில் சில மாட்யூல்களின் பின்பக்கச் சர்க்யூட் போர்டு இடிக்கும்.

எவ்வளவு மிச்சம் விடுவது? எந்தத் தடத்திலும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சுவிட்ச் போட்ட நொடியில் பல மாட்யூல்கள், அதிலும் டிஜிட்டல் வகை, குறிப்பிட்டதைவிட அதிகம் இழுக்கும். பவர் சப்ளை அதைத் தாங்காவிட்டால் சில மாட்யூல்கள் உயிர் பெறும், சில அரைகுறையாக எழுந்து பைத்தியம் பிடித்தாற்போல் நடக்கும். +5 தடம் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. பட்டியலில் அதைக் கேட்கும் மாட்யூல் ஒன்றாவது இருந்தால் மட்டும் பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சதுர அலை வகையா, சைன் அலை வகையா என்று விசாரியுங்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் பவர் சப்ளைகள் சதுர அலையில் உறுமும். அந்த உறுமல் ஒலியிலும் ஏறலாம். கணினியை யூ.எஸ்.பி. வழியே இணைக்கும்போது கேட்கும் மெல்லிய கிறீச்சொலி பெரும்பாலும் பொதுவான தரைத்தடம் வழியாக வருவது. ஐந்து முள் மிடி கேபிளில் அந்தத் தொல்லை வராது. அதில் ஒளி வழியாகத்தான் தகவல் கடத்தப்படுகிறது, மின்தொடர்பு அறுந்துவிடுகிறது. முதல் மிடி மாட்யூலில் ஐந்து முள் இணைப்பும் இருந்தால் நல்லது.

இனி மாட்யூல்கள். புதிதாக வருபவர்கள் ஒலி மூலங்களையே வாங்கிக் குவிப்பார்கள், ஏனென்றால் காணொளிகளில் அவைதான் கவர்கின்றன. என் அனுபவத்தில், ஒரு நல்ல ஒலி மூலமும் நான்கு வி.சி.ஏ.-வும் கொடுக்கும் இசை, மூன்று ஒலி மூலமும் ஒரு வி.சி.ஏ.-வும் கொடுப்பதைவிட எவ்வளவோ வளமானது. வி.சி.ஏ. வெறும் ஒலி அளவுக் குமிழ் என்று நினைக்காதீர்கள். எந்த அசைவையும் இன்னொரு அசைவால் கூட்டிக் குறைக்க வைப்பது அது. எல்.எஃப்.ஓ. (மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தம்) தரும் அதிர்வு, சுரம் நீளும்போது மட்டும் மெல்ல எழவேண்டும் என்றால் அதைச் செய்வது வி.சி.ஏ.தான். மேத்ஸைப் பட்டியலில் வைத்ததும் இந்த எண்ணத்தோடுதான். என்வலப் (ஒலி எழுவதையும் தணிவதையும் வடிவமைக்கும் மின்னழுத்தம்), எல்.எஃப்.ஓ., மின்னழுத்தத்தைக் குறைப்பது, தலைகீழாக்குவது, கூட்டுவது, சுரத்தைச் சறுக்க வைப்பது என்று பல வேலைகளை ஒரே மாட்யூல் பார்க்கும்.

சறுக்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவியில் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். சட்ஜமத்தை 0 வோல்ட் என்று வைத்தால் மேல் சட்ஜமம் 1 வோல்ட், சுத்தமான பஞ்சமம் 0.585 வோல்ட். இடையில் உள்ள எல்லாமே உங்களுக்குத் திறந்திருக்கிறது. கமகத்துக்கு எந்தப் படிக்கட்டும் குறுக்கே நிற்பதில்லை. கர்நாடக இசை காதில் ஊறியவர் என்றால் குவாண்டைசர் மாட்யூலை முதலிலேயே வாங்கவேண்டாம். அது சுரங்களைப் படிகளில் பூட்டுகிறது. பூட்டாமல் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுருதி மின்னழுத்தத்தைப் பல ஒலி மூலங்களுக்குப் பிரிக்கும்போது மட்டும் பஃபர் உள்ள மல்டிபிள் (மின்னழுத்தத்தை இறங்கவிடாமல் பல பிரதிகளாக்கித் தரும் மாட்யூல்) பயன்படுத்துங்கள். வெறும் கம்பிப் பிரிப்பில் அழுத்தம் சற்று இறங்கலாம். ஒரு அரைச்சுரமே 83 மில்லிவோல்ட்தான் என்பதால் காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

அவுட்புட் மாட்யூலைத் தவிர்க்கலாமா என்று பலரும் கேட்பார்கள். மாட்யூலரின் ஒலி அலை உச்சியிலிருந்து உச்சிக்கு 10 வோல்ட் வரை போகும். சாதாரண ஒலிக் கருவிகள் எதிர்பார்ப்பதைவிட இது மிக அதிகம்; அதைக் குறைத்துத் தருவதுதான் அவுட்புட் மாட்யூல். குமிழைக் குறைத்து ஆடியோ இன்டர்ஃபேஸில் நேராகச் செருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஹெட்ஃபோனை மட்டும் எந்த மாட்யூலிலும் நேராகச் செருகாதீர்கள்.

காசு செலவழிக்கும் முன் வி.சி.வி. ராக் என்ற இலவச மென்பொருளில் இதே பட்டியலைப் போட்டு வாசித்துப் பாருங்கள். ஆடிபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொகுப்பில் பிளெய்ட்ஸ், கிளவுட்ஸ் இரண்டும் வேறு பெயரில் கிடைக்கும். எந்த மாட்யூலை நோக்கி உங்கள் கை அடிக்கடி போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு மாட்யூலர்கிரிட் தளத்தில் பெட்டியை வரைந்தால் அகலத்தையும் மூன்று தடங்களின் மில்லி ஆம்பியரையும் அதுவே கூட்டிக் காட்டும். ஆனாலும் பவர் எண்களைத் தயாரிப்பாளர் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பெட்டி வந்ததும் மாட்யூல் எதையும் மாட்டாமல் மல்டிமீட்டரால் +12, -12 இரண்டையும் அளந்து பாருங்கள். பிறகு பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மாட்யூலுக்கு மின்சாரம் தரும் ரிப்பன் கேபிளை மாட்டுங்கள். கேபிளில் சிவப்புக் கோடு உள்ள ஓரம் -12 பக்கம். 10 முள் இணைப்பைத் தலைகீழாகச் செருகினால் +12-ம் -12-ம் இடம் மாறும். 16 முள் இணைப்பு ஒரு வரிசை தள்ளிப் போனால், அடுத்தடுத்து இருக்கும் +12 தடம் +5-இல் ஏறிவிடும். பாதுகாப்பு டயோடு இல்லாத மாட்யூல் ஒரு நொடியில் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டாமல், ஒன்றை மாட்டி, சுவிட்ச் போட்டு, அது சரியாக எழுகிறதா என்று பார்த்து, மீண்டும் பிளக்கைப் பிடுங்கி அடுத்ததை மாட்டுங்கள். முதலில் அவுட்புட் மாட்யூல், அடுத்து பிளெய்ட்ஸ். இந்த இரண்டோடு ஒரு பேட்ச் கேபிள் இருந்தாலே முதல் ஒலி வந்துவிடும்.