ஒரே பெயர், இரண்டு முறை

கேள்வி: பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சுத்தம் செய்ய ஒரே ஃபங்ஷனை (ஒரு வேலைக்கான நிரல் துண்டை) நூறு வரிக்கு மேல் எழுதியிருக்கிறேன். ஓரத்து இடைவெளி, காலி வரி, இரட்டிப்பு எல்லாம் அதிலேயே. ஆனாலும் 'கொடி' என்ற பெயர் இரண்டு முறை வருகிறது. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஃபங்ஷனல் முறையில், அதாவது சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோத்து, துண்டு துண்டாக எழுதினால் சரியாகிவிடுமா?

பதில்: துண்டாக்கினால் மட்டும் சரியாகாது. ஆனால் கோளாறு எங்கே என்று கண்ணில் படும். நூறு வரிக்குள் அது எப்படிப் படும்?

முதலில் அந்த 'கொடி'யைப் பார்ப்போம். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். அதனால் ஒரு 'கொடி'யில் 4 குறியீடு, இன்னொன்றில் 5. திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் மட்டும் 'சமமில்லை' என்று வரும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் நார்மலைஸ் செய்வது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கான ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறது.

இப்போது வேலையைப் பிரியுங்கள்:

ஒருவடிவாக்கு → வரிகளாக்கு → ஓரம்வெட்டு → காலிநீக்கு → இரட்டைநீக்கு → வரிசேர்

ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிக்கு மேல் போகாது. முந்தையது தருவதும் அடுத்தது கேட்பதும் ஒரே வகையாக இருந்தால் போதும், கோத்துவிடலாம். புதிதாக வருகிறவர்கள் இடறுவது மூன்றாவதில். ஓரம்வெட்டு ஒரு வரிக்கானது, அதன் கைக்கு வருவதோ வரிகளின் பட்டியல். அங்கே, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷனை ஓட்டும் 'மேப்' போட வேண்டும்.

வரிசையிலும் கவனம் வேண்டும். காலிநீக்கு முன்னால் போனால், வெறும் இடைவெளி மட்டும் உள்ள வரிகள் தப்பித்துவிடும். பிறகு ஓரம்வெட்டு அவற்றையே காலி வரிகளாக்கிக் கொடுக்கும். ஒருவடிவாக்கு கடைசிக்குப் போனால் உங்கள் இரண்டு கொடியும் திரும்ப வந்து நிற்கும்.

ஆனால் வரிசையைக் கலைக்காமல், அடுத்தடுத்து நிற்கும் எவற்றையும் சேர்த்து ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், விடை மாறாது. ஓரம்வெட்டு, காலிநீக்கு, இரட்டைநீக்கு மூன்றையும் 'பட்டியல்சுத்தம்' என்று கட்டிவைத்தால் அடுத்த கோப்புக்கும் ஆகும். இந்த முறையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே இதற்காகத்தான். ஒரே நிபந்தனை: நடுவில் எந்த ஃபங்ஷனும் கோப்பைத் தொடக்கூடாது, தனக்கு வெளியே உள்ள மாறியை (variable) மாற்றக்கூடாது. படிப்பதும் எழுதுவதும் இரண்டு முனையிலும் வெளியே இருக்கட்டும்.

இது புதுச் சரக்கும் இல்லை. புரோகிராம்களைத் தோட்டத்து ஹோஸ் போல மாட்டிக்கொள்ள வழி வேண்டும் என்று அமெரிக்க ஆய்வகமான பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதினார். 1973-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தில், ஒரு புரோகிராம் தருவதை அடுத்ததற்குள் அனுப்பும் பைப் வந்தது. அங்கேயும் வரிசைதான் எல்லாம். இரட்டிப்பை நீக்கும் 'யூனிக்' கட்டளை பக்கத்துப் பக்கத்து வரிகளை மட்டுமே ஒப்பிடும், அதனால் அதற்கு முன்னால், வரிகளை வரிசைப்படுத்தும் 'சார்ட்' போடுவார்கள்.

கேள்வி: ஹாஸ்கெல் மொழியில் ஃபங்ஷன்களைப் புள்ளி வைத்துக் கோத்தால் வலமிருந்து இடமாக ஓடுகிறதே, தலை சுற்றுகிறது.

பதில்: கணக்குப் புத்தகத்தில் சார்புகளைச் சேர்த்து எழுதும் முறை அது. பிடிக்கவில்லையா, ஹாஸ்கெலிலேயே இடமிருந்து வலமாகக் கோக்க >>> இருக்கிறது. எஃப் ஷார்ப், எலிக்சிர் மொழிகள் பக்கம் போனால் |> கிடைக்கும். எதை எடுத்தாலும் சரி, ஒரே கோப்பில் இரண்டு திசையையும் கலக்காதீர்கள்.